கோவம் வராத நேரத்துல கோவத்தைச் சொல்லிக்கொடுங்க: ஒண்ணாவது, ரெண்டாவது எடுக்க வர்ற புது டீச்சருக்கு

புதுசா சின்ன கிளாஸ் எடுக்க வர்றவங்களுக்கு முதல் மாசம் எழுத்தோ கணக்கோ பெரிய தலைவலியா இருக்காது. என் ரப்பரை எடுத்துட்டான், இவ என்னைச் சேர்த்துக்க மாட்டேங்குறா, அவன் என்னைப் பாத்து நாக்கை நீட்டினான், இதுதான் பாதி நாளைத் தின்னுடும். இதையே ஒரு பாடமா எடுத்துச் சொல்லித்தரலாம்னு ஒரு துறையே இருக்கு, சோஷியல் எமோஷனல் லேர்னிங்னு சொல்வாங்க, சுருக்கமா எஸ்.இ.எல். 1994-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச காசெல்ங்கிற அமைப்பு இதை அஞ்சா பிரிச்சு வச்சிருக்கு: தன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியறது, அதைக் கையாளத் தெரியறது, அடுத்தவங்க மனசைப் புரிஞ்சுக்கிறது, அடுத்தவங்களோட நல்லா பழகத் தெரியறது, கடைசியா யோசிச்சு முடிவெடுக்கிறது. இந்த லிஸ்ட்டை மனப்பாடம் பண்ண வேண்டாம், பிள்ளைங்ககிட்ட அஞ்சும் ஒண்ணா கலந்துதான் வரும்.

இதெல்லாம் பாட நேரத்தை வீணடிக்கிறதுன்னு ஸ்டாஃப் ரூம்ல யாராவது கண்டிப்பா சொல்வாங்க. 2011-ல ஜோசஃப் டர்லாக்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 213 பள்ளித் திட்டங்களை, மொத்தம் 2,70,034 மாணவர்களோட விவரத்தைச் சேர்த்துவச்சுப் பாத்தாங்க, இந்தப் பயிற்சி கிடைச்ச பிள்ளைங்க படிப்புலயும் 11 பெர்சன்டைல் முன்னாடி வந்திருந்தாங்க, அதாவது நூறு பேர் வரிசையில நடுவுல நிக்கிற பிள்ளை பதினொரு இடம் முன்னாடி போன மாதிரி. அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் தெரிஞ்சது, எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி பலன் தரல, படிப்படியா, செஞ்சு பாக்க வச்சு, அதுக்குன்னு நேரம் ஒதுக்கி, எதைப் பழக்குறோம்னு தெளிவா வச்சுக்கிட்ட திட்டங்கள்தான் நல்லா வேலை செஞ்சிருக்கு. அன்பா இருங்கன்னு அசெம்ப்ளில சொல்லிட்டுப் போறது அந்தக் கணக்குல வராது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. கிளாஸ் அமைதியா இருக்கணும், நான் சொன்னா கேக்கணும்னு நினைச்சு இதைத் தொடங்காதீங்க. அடங்கி உக்காந்திருக்கிற பிள்ளைக்கு மனசைக் கையாளத் தெரியும்னு அர்த்தம் இல்ல, பயந்தும் உக்காந்திருக்கலாம்.

முதல் வாரம் சும்மா பாருங்க

ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க. சண்டை எப்போ வருது, எந்த இடத்துல, என்ன நடந்துக்கிட்டு இருந்தப்போ, இது மூணு மட்டும் எழுதுங்க, யார் தப்புன்னு எழுதாதீங்க. ஒரு வாரம் கழிச்சுப் புரட்டிப் பாத்தா ஆச்சரியமா இருக்கும், லைன்ல நிக்கும்போது, பொருள் பங்கு போடும்போது, விளையாடிட்டு உள்ள வரும்போது, குரூப் பிரிக்கும்போது, இப்படி நாலைஞ்சு இடத்துலயே தான் திரும்பத் திரும்ப வரும். என் கிளாஸ்ல ஒரு வருஷம் முக்கால்வாசிச் சண்டை ஒரே ஒரு கத்தரிக்கோல் டப்பாவைச் சுத்தித்தான் நடந்துச்சு, நானும் பகிர்ந்து கொடுக்கணும் கண்ணுங்களான்னு கதை கதையா சொல்லிக்கிட்டு இருந்தேன், கடைசியில டப்பாவை மூணா பிரிச்சு மூணு மூலையில வச்சதும் பிரச்சினையே காணோம். ஏற்பாட்டால தீர்ற விஷயத்துக்கு மனசைத் திருத்தப் போகாதீங்க.

அதே வாரத்துல உங்களையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. 1961-ல ஆல்பர்ட் பண்டூரா பண்ணின சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீங்க, பெரியவங்க ஒருத்தர் ஒரு காத்தடைச்ச பொம்மையை அடிச்சு உதைக்கிறதைப் பாத்த பிள்ளைங்க, அப்புறம் விளையாட விட்டதும் அதே மாதிரி அடிச்சாங்க, அவர் சொன்ன வார்த்தையைக்கூட அப்படியே சொன்னாங்க. நாம டஸ்டரை மேஜையில ஓங்கித் தட்டிட்டு யாரும் கோவப்படக் கூடாதுன்னு சொன்னா அவங்க எதைக் கத்துப்பாங்கன்னு நீங்களே யோசிங்க. உங்களுக்குக் கடுப்பு வந்தா மறைக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்க: "மிஸ்ஸுக்கு இப்போ கொஞ்சம் எரிச்சலா இருக்கு, அதனால நான் ரெண்டு தடவை மூச்சு விட்டுட்டு அப்புறம் பேசுறேன்." சொல்லிட்டு நிஜமாவே விடணும், அதுதான் முக்கியம்.

ரெண்டாவது, பேர் வைக்கிறது

சின்னப் பிள்ளைகிட்ட என்னடா ஆச்சுன்னு கேட்டா ஒண்ணு "ஒண்ணுமில்ல"ன்னு வரும், இல்லன்னா "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு வரும். இந்த "ஒரு மாதிரி"தான் நமக்கு ஆரம்பப் புள்ளி. அது எந்த மாதிரின்னு பிரிச்சுச் சொல்ல வார்த்தை இல்லாததாலதான் கையும் காலும் பேசுது.

முதல்ல நாலே நாலு: சந்தோஷம், சோகம், கோவம், பயம். இது நல்லா பழகின பிறகு ஒவ்வொண்ணையும் உள்ளுக்குள்ள பிரிங்க. தமிழ்ல இதுக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்ல, கடுப்பு, எரிச்சல், கோவம், ஆத்திரம்னு படி மாதிரி ஏறும், பலகையில ஒரு ஏணி வரைஞ்சு எது மேல எது கீழன்னு கேளுங்க, பிள்ளைங்களுக்குள்ள பெரிய பட்டிமன்றமே நடக்கும், சரியான விடைன்னு ஒண்ணு வேண்டாம், அந்த விவாதம்தான் பாடம். அப்புறம் மெதுவா கலந்த உணர்ச்சிகள், ஏமாற்றம், பொறாமை, கூச்சம், ஏக்கம், பதட்டம். கோவம்னு நாம நினைக்கிறதுல பாதி ஏமாற்றமாத்தான் இருக்கும், அந்த வார்த்தை தெரிஞ்ச பிள்ளை தள்ளிவிடுறதுக்குப் பதிலா "எனக்கு ஏமாத்தமா போச்சு"ன்னு சொல்ற அன்னைக்கு உங்களுக்கே தெரியும்.

கூடவே உடம்பையும் சேருங்க. பயத்துல வயிறு கலக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, அழுகை வர்றதுக்கு முன்னாடி தொண்டை அடைக்குது, கோவத்துல காது சூடாகுது. நம்ம பேச்சுலயே எல்லாம் இருக்கு. ஒரு உடம்புப் படம் வரைஞ்சு கோவம் உனக்கு எங்க வருதுன்னு கலர் அடிக்கச் சொல்லுங்க, ஒருத்தன் கையை மட்டும் சிவப்பா அடிப்பான், இன்னொருத்தி தலையை. காது சூடாகுறதைக் கவனிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு, கை ஓங்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி கிடைக்கும்.

2007-ல மாத்யூ லீபர்மேன் குழு பெரியவங்களை வச்சு மூளை ஸ்கேன் எடுத்துப் பாத்தப்போ, கோவமும் பயமும் தெரியுற முகங்களைப் பாத்து அந்த உணர்ச்சிக்குப் பேர் சொன்னதும் மூளையில அபாய மணி அடிக்கிற அமிக்டலாங்கிற பகுதியோட வேகம் குறைஞ்சது தெரிஞ்சது. பேர் சொல்றது வெறும் மொழிப்பயிற்சி இல்லன்னு நான் நம்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் பண்ணின சொதப்பலையும் சொல்லிடுறேன். முதல் வருஷம் இருபத்திநாலு முகம் போட்ட பெரிய சார்ட் ஒட்டி, தினமும் காலையில ஒவ்வொருத்தரா வந்து இன்னைக்கு எப்படி இருக்கீங்கன்னு தொட்டுக் காட்டச் சொன்னேன். ரெண்டாவது வாரத்துல இருந்து முப்பது பேரும் சிரிக்கிற முகத்தையே தொட்டாங்க, ஏன்னா அதைத் தொட்டா மிஸ் முகம் மலருது, அழுற முகத்தைத் தொட்டா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அதுக்கப்புறம் பேர் எழுதின கிளிப்பை அவங்கவங்களே வந்ததும் சத்தமில்லாம மாட்டிக்கிற மாதிரி வச்சேன், "இன்னைக்குச் சொல்ல விரும்பல"ன்னு ஒரு இடமும் வச்சேன். அந்த இடத்துல ஒரு கிளிப் தொடர்ந்து மூணு நாள் இருந்தா தனியா போய்ப் பேசுவேன்.

நல்ல உணர்ச்சி, கெட்ட உணர்ச்சின்னு மட்டும் பிரிக்காதீங்க. கோவப்பட்டா தப்பில்ல, அடிச்சாதான் தப்பு. இதை வருஷம் பூரா சொல்லிக்கிட்டே இருக்கணும்.

மூணாவது, அடங்கப் பழக்குறது

இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் (நானும்தான்) ஒரே தப்பைப் பண்ணுவோம், பிள்ளை கத்திக்கிட்டுத் தரையில உருண்டுக்கிட்டு இருக்கும்போது "மூச்சை இழு, மூச்சை விடு, ஒண்ணு ரெண்டு எண்ணு"ன்னு பாடம் நடத்துவோம். அப்போ எதுவும் உள்ள போகாது. யோசிச்சு நிறுத்துற வேலையைச் செய்ற மூளையோட முன்பகுதி முழுசா வளர இருபது வயசையும் தாண்டும், ஆறு வயசுப் பிள்ளைக்கு அது சாதாரண நேரத்துலயே திக்கித் திணறித்தான் ஓடும், கொந்தளிப்புல சுத்தமா ஓடாது. நீச்சலை மூழ்கும்போது சொல்லித்தர முடியுமா? தீ விபத்து ஒத்திகை மாதிரி, ஒண்ணும் நடக்காத ஒரு நாள்ல, எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது பழக்கணும், தினமும் ரெண்டு நிமிஷம் போதும். அப்புறம் கொந்தளிப்பு வரும்போது ஒரு சைகை காட்டினா உடம்புக்கே ஞாபகம் வரும், அதுவும் எடுத்த எடுப்புல வராது, ரெண்டு மூணு மாசம் ஆகும்.

ஆழமா மூச்சு இழுன்னு சொன்னா பிள்ளைங்க தோளைத் தூக்கி நெஞ்சை நிமிர்த்தி விறைப்பா நிப்பாங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல. உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறது நீளமா இருந்தாத்தான் இதயத்துடிப்பு இறங்கும், அதனால விடுறதை விளையாட்டாக்குங்க. நீளமா கிழிச்ச மெல்லிசுக் காகிதத்தை மூக்குக்கு முன்னாடி பிடிச்சு மெதுவா ஊதி அது ஆடிக்கிட்டே இருக்கணும், விழக்கூடாது. இல்லன்னா ஒரு கை விரலை இன்னொரு கை விரலால வரைஞ்சு, ஏறும்போது இழுத்து, இறங்கும்போது இன்னும் மெதுவா விடுறது. ஆமை முறைன்னு 1970கள்ல இருந்தே ஒண்ணு இருக்கு, கையைக் கட்டித் தலையைக் குனிஞ்சு ஓட்டுக்குள்ள போற மாதிரி நடிச்சு, உள்ள மூச்சு விட்டு, என்ன பண்ணலாம்னு யோசிச்சிட்டு வெளிய வர்றது. ஒண்ணாவது பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், மூணாவது வந்ததும் வெக்கப்படுவாங்க, அப்போ விரல் முறைக்கு மாத்திடுங்க. கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க, சில பிள்ளைங்களுக்கு அது பயமா இருக்கும்.

அமைதி மூலைன்னு ஒரு இடம் வைக்கிறதா இருந்தா ஒரு விஷயம்: அங்க யாரையும் அனுப்பாதீங்க. "போய் அங்க உக்காரு"ன்னு ஒரே ஒரு தடவை கத்திட்டீங்கன்னா அது தண்டனை மூலை ஆயிடும், அப்புறம் யாரும் தானா போக மாட்டாங்க. மணல் டைமர் ஒண்ணு, கட்டிப்பிடிக்க ஏதாவது மெத்துன்னு, வரையக் காகிதம், இவ்வளவு போதும். முதல் வாரத்துல எல்லாருமே மாத்தி மாத்திப் போவாங்க, கணக்குப் பாடத்துல இருந்து தப்பிக்கவும் போவாங்க, கண்டுக்காதீங்க, புதுசு தீர்ந்ததும் தேவைப்படுறவங்கதான் போவாங்க.

காத்திருக்கப் பழக்குறதும் இதுல சேர்ந்ததுதான். இப்போ எடுத்தா ஒரு மிட்டாய், காத்திருந்தா ரெண்டுன்னு வால்டர் மிஷல் பண்ணின சோதனை பிரபலம். காத்திருந்த பிள்ளைதான் பிற்காலத்துல ஜெயிக்கும்னு அதை வச்சு நிறைய பேசுவாங்க, ஆனா 2018-ல 900-க்கு மேல பிள்ளைங்களை வச்சுத் திரும்பப் பாத்தப்போ, வீட்டுச் சூழ்நிலையைக் கணக்குல எடுத்ததும் அந்தத் தொடர்பு ரொம்பவே சுருங்கிப்போச்சு. அதனால காத்திருக்க முடியாத பிள்ளைக்கு முத்திரை குத்தாதீங்க. நமக்கு அதுல உபயோகமானது வேற ஒண்ணு, காத்திருந்த பிள்ளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கல, முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, பாட்டுப் பாடினாங்க, தனக்குத்தானே பேசிக்கிட்டாங்க. இதையெல்லாம் சொல்லித்தரலாம், லைன்ல நிக்கும்போது மனசுக்குள்ள பாட ஒரு பாட்டு தேர்ந்தெடுத்துக்கோன்னு சொன்னாலே போதும்.

நாலாவது, அடுத்தவங்க மனசு

எனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாதுன்னு ஒரு பிள்ளைக்குப் புரிய வர்றது ஏறக்குறைய நாலு, அஞ்சு வயசுல, இதை ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1983-ல காட்டினாங்க. ஒண்ணாவதுக்கு வர்ற பிள்ளைக்கு அது வந்தாச்சு, ஆனா கோவத்துல மறந்துபோகும். சண்டை நடந்ததும் "அவளுக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாத்தியா?"ன்னு கேக்குறோம் பாருங்க, கேள்வி மாதிரி இருந்தாலும் அது திட்டுதான், பிள்ளைக்கும் அது தெரியும், தரையைப் பாத்துக்கிட்டு நிக்கும்.

இதுக்குக் கதைதான் வசதி. கதையைப் பாதியில நிறுத்துங்க, முயலுக்கு இப்போ என்ன தெரியும், ஆமைக்கு என்ன தெரியாது, ரெண்டு பேரும் ஏன் வேற வேற மாதிரி நினைக்கிறாங்கன்னு கேளுங்க. ஒரே படத்தைக் காட்டி ரெண்டு பேரை ரெண்டு கதை சொல்ல வைங்க. ஒரே விஷயம் ஒருத்தருக்குப் பிடிக்கும், இன்னொருத்தருக்குப் பயமா இருக்கும்னு கையைத் தூக்க வைங்க, நாய்னா யாருக்கு ஆசை, யாருக்குப் பயம்? பாதிப் பாதி தூக்குவாங்க, ஒருத்தரை ஒருத்தர் வாயைப் பொளந்து பாப்பாங்க.

சண்டை வந்துட்டா

வரும். தடுக்கிறது நோக்கமும் இல்ல, முதல்ல யாருக்காவது அடிபட்டிருக்கான்னு பாருங்க, பிரிங்க, ரெண்டு பேரும் அடங்குற வரைக்கும் விசாரணையே வேண்டாம், பத்து நிமிஷம் ஆனாலும் சரி. "ஏன் அடிச்ச?"ன்னு கேக்காதீங்க, ஆறு வயசுக்கு அதுக்குப் பதில் தெரியாது, ஏதாவது ஒண்ணைக் கட்டிச் சொல்லும், அப்புறம் பொய் சொல்றான்னு அதுக்கும் ஒரு திட்டு விழும். "என்ன நடந்துச்சு?" போதும்.

ஒருத்தர் சொல்லும்போது இன்னொருத்தர் கேக்கணும், கேட்டுட்டு "நான் தள்ளினது உனக்கு வலிச்சுச்சுன்னு சொல்ற"ன்னு திருப்பிச் சொல்லணும், ஒத்துக்கணும்னு இல்ல, திருப்பிச் சொன்னா போதும். அப்புறம் மாத்தி. கடைசியில "இதைச் சரி பண்ண என்ன செய்யலாம்?" நீங்க யோசனை சொல்லாதீங்க, பொறுமையா இருங்க, அவங்க கண்டுபிடிக்கிற தீர்வு நமக்குக் கிறுக்குத்தனமா தெரியலாம், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா விட்டுடுங்க.

சாரி கேக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துறதை நான் விட்டுட்டேன். என் கிளாஸ்ல ஒருத்தன் அடிக்கும்போதே சாரி சொல்லுவான், கை ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம், அவனுக்கு அது கேஸை மூடுற ஸ்டாம்ப். அதுக்குப் பதிலா உடைச்சதை ஒட்டித் தர்றது, விழுந்ததை எடுத்து அடுக்கித் தர்றது, கூட வந்து தண்ணி குடிக்கக் கூட்டிட்டுப் போறது, இப்படி ஏதாவது ஒரு செயல். சாரி அதுவா வந்தா சந்தோஷம்.

ஆனா இந்த உக்காந்து பேசுற முறையை ஒரு இடத்துல மட்டும் பண்ணவே கூடாது. ஒருத்தன் பலமானவன், இன்னொருத்தன் பலவீனமானவன், திரும்பத் திரும்ப ஒரே ஆளையே குறி வச்சு நடக்குதுன்னா அது சண்டை இல்ல, துன்புறுத்தல். அங்க ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சா, அடிபடுறவனை அடிக்கிறவன்கிட்டயே மறுபடியும் கொண்டுபோய் விடுற மாதிரி ஆகும், இடைவேளையில அதுக்கும் சேர்த்து வாங்குவான். தனித்தனியா பேசுங்க, பாதிக்கப்பட்ட பிள்ளையோட பாதுகாப்பு முதல்ல, பள்ளி நிர்வாகத்துக்கும் ரெண்டு வீட்டுக்கும் தெரியணும்.

"என்னைச் சேர்த்துக்க மாட்டேங்குறாங்க மிஸ்"

இது வாரத்துக்கு நாலு தடவை வரும். நாம போய் "அவனையும் சேர்த்துக்கோங்கடா"ன்னு சொல்லிட்டு வந்துடுவோம், அஞ்சு நிமிஷம் சேர்த்துட்டு மறுபடி டூ விட்டுடுவாங்க. நல்லா சேர்ந்துக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களைக் கவனிச்சுப் பாருங்க, அவங்க "நானும் வரட்டா?"ன்னு கேக்குறதே கம்மி, பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னு என்ன விளையாட்டுன்னு புரிஞ்சுக்கிட்டு, அதுக்குப் பொருத்தமா ஏதாவது செய்ய ஆரம்பிச்சுடுவாங்க. அவங்க கடை வச்சு விளையாடினா இவ வாங்க வந்தவளா போய் நிப்பா. சேரத் தெரியாத பிள்ளை நடுவுல பூந்து வேற விளையாட்டு விளையாடலாம்னு சொல்லும், இல்லன்னா தன்னைப் பத்தியே பேசும். இதை அப்படியே நடிச்சுக்காட்டிப் பழக்கலாம்: நில், பாரு, பொருந்துறதைச் செய். வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றதுன்னும் சேர்த்துப் பழக்குங்க, ஏன்னா சொல்லுவாங்க.

தனியா இருக்கிற எல்லாப் பிள்ளையும் பாவம் இல்ல. எறும்பைப் பாத்துக்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்கிறதை இழுத்துட்டு வந்து கும்பல்ல விடாதீங்க. கூட்டத்தையே ஏக்கமா பாத்துக்கிட்டு நிக்குதா, அதுக்குத்தான் உதவி. அதே மாதிரி, பேசும்போது கண்ணைப் பாத்துப் பேசுன்னு எல்லார்கிட்டயும் வற்புறுத்தாதீங்க, ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு அது பெரிய அவஸ்தை, கேக்குறதுக்குக் கண்ணு அவசியமும் இல்ல.

ஸ்டார், ஸ்டிக்கர்

சுருக்கமா சொல்றேன். 1973-ல மார்க் லெப்பர் குழு, படம் வரையப் பிடிச்ச நர்சரிப் பிள்ளைங்ககிட்ட வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்கூட்டியே சொல்லி வரைய வச்சாங்க, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா அந்தப் பிள்ளைங்க தானா வரையுற நேரம் குறைஞ்சுபோச்சு, சொல்லாம கொடுத்தவங்களுக்கு அப்படி ஆகல. உதவி பண்ணினா ஸ்டார்னு வச்சா, நாளைக்கு உதவி பண்றதுக்கு முன்னாடி "மிஸ் பாக்குறீங்களா?"ன்னு கேக்கும். நான் ஸ்டார் தர்றதில்ல, பாத்ததை அப்படியே சொல்லிடுவேன், "அவ பென்சில் விழுந்துச்சு, நீ எடுத்துக் கொடுத்த, அவ உடனே எழுத ஆரம்பிச்சுட்டா." குட் பாய், குட் கேர்ள்கூட வேண்டாம்.

வீடும், நம்ம கையை மீறினதும்

கிளாஸ்ல இந்த வாரம் எந்த வார்த்தை பழகுறோம், எந்த மூச்சு விளையாட்டுன்னு ரெண்டு வரி வீட்டுக்கு அனுப்புங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தை புழங்கினா சீக்கிரம் ஒட்டும். வீட்டுல "ஆம்பளைப் பையன் அழலாமா"ன்னு சொல்றாங்கன்னா அதைப் பிள்ளை முன்னாடி தப்புன்னு சொல்லாதீங்க, "இங்க அழலாம்"னு சொன்னா போதும். பிள்ளை பகிர்ந்துக்கிட்டதை பேரன்ட்ஸ்கிட்ட புகாரா ஒப்பிக்காதீங்க, ஒரு தடவை ஒப்பிச்சா கதவு மூடிடும்.

அதே சமயம் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் பண்ணிடாதீங்க. உணர்ச்சியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா வீட்டுல அடி, தொடக்கூடாத இடத்துல தொடுறதுன்னு திடீர்னு வெளிய வரலாம். அதிர்ச்சியை முகத்துல காட்டாம கேளுங்க, துருவித் துருவி விசாரிக்காதீங்க, "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல, உன்னைப் பத்திரமா பாத்துக்குறதுக்கு நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும்"னு சொல்லிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையிலயே எழுதி வச்சு, பள்ளியில குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவங்ககிட்ட அன்னைக்கே போங்க. தன்னையே காயப்படுத்திக்கிறது, நல்லா இருந்த பிள்ளை திடீர்னு மாறிப்போறது, வாரக்கணக்குல அழுகையோ பயமோ குறையாம இருக்கிறது, இதெல்லாம் மூச்சு விளையாட்டால தீராது, கவுன்சிலர் வேணும்.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்

மார்க் போடாதீங்க, பச்சாதாபத்துக்குப் பத்துக்கு ஏழுன்னு ரிப்போர்ட் கார்டுல எழுதினதை நான் பாத்திருக்கேன், கண்றாவி. முதல் வாரம் எழுதின நோட்டு இருக்குல்ல, மாசம் ஒரு வாரம் அதே மாதிரி எழுதுங்க. சண்டை எண்ணிக்கை உடனே குறையாது, சில சமயம் ஏறக்கூட ஏறும், முன்னாடி சத்தமில்லாம வாங்கிக்கிட்ட பிள்ளை இப்போ வாயைத் திறந்து சொல்லுது, அதனால. நீங்க பாக்க வேண்டியது வேற: அழுகையில இருந்து மீண்டு வர எவ்வளவு நேரம் ஆகுது, இருபது நிமிஷம் ஆனது பன்னெண்டு ஆச்சா, உங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவங்களே ஏதாவது முயற்சி பண்ணினாங்களா.

நேரம்னு பாத்தா, வாரத்துக்கு ரெண்டு தடவை பதினஞ்சு நிமிஷம் தனிப்பாடம், மத்த நாள் காலையில ரெண்டு நிமிஷம் ஒத்திகை, அவ்வளவுதான் நான் ஒதுக்குறது. நீளமான லீவு முடிஞ்சு வரும்போது எல்லாம் போச்சுன்னு தோணும், ஆமையும் தெரியாது ஏணியும் தெரியாதுங்கிற மாதிரி முழிப்பாங்க. பதறாம திரும்ப நாலு வார்த்தையில இருந்து ஆரம்பிங்க, முதல் தடவை ஒரு மாசம் பிடிச்சது இந்தத் தடவை ஒரு வாரத்துல வந்துடும்.